ராக் பாடகரும் முன்னிற்பவரும்: ஃப்ரெடி மெர்க்குரியை முன்வைத்து ஒரு மதிப்பீட்டுச் சிக்கல்

முன்னுரை

ராக் இசையில் தலைசிறந்த பாடகர் யார் என்னும் வினா எழுகின்றபோது விடைகள் இரு திசையில் பிரிகின்றன. ஒரு சாரார் குரலின் வீச்சையும் வலிமையையும் சுட்டுவர். மற்றொரு சாரார் பெருங்கூட்டத்தைத் தம்வயப்படுத்தும் மேடையாற்றலைச் சுட்டுவர். இரு சாராரும் ஒரே வினாவிற்கு விடையளிப்பதாகக் கருதுவதனால் விவாதம் முடிவின்றி நீள்கிறது. குரலும் முன்னிற்றலும் தனித்தனியே மதிப்பிடத்தக்க இருவேறு கலைகள் என்பதை, பிரித்தானியக் குழுவான குயினின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியை (1946–1991) முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘வோக்கலிஸ்ட்’, ‘ஃப்ரன்ட்மேன்’ என இரு சொற்கள் உள்ளன. தமிழ் இதழ்களோ பெரும்பாலும் ‘முன்னணிப் பாடகர்’ என்னும் ஒரே தொடரால் இரண்டையும் குறித்துவிடுகின்றன. அத்தொடரில் ‘முன்னணி’ என்பது இடத்தைக் குறிக்கிறதா, தரத்தைக் குறிக்கிறதா என்பதும் தெளிவாக இல்லை. குழுவின் முன்னே நின்று, அதற்கும் அவைக்கும் இடையே உறவை நடத்துபவரை ‘முன்னிற்பவர்’ என இக்கட்டுரை வழங்குகிறது. ஃப்ரன்ட்மேன் என்னும் சொல்லில் ஒட்டியுள்ள ஆண்பாலையும் இச்சொல் களைந்துவிடுகிறது. டினா டர்னர், ஜானிஸ் ஜோப்லின், பேட்டி ஸ்மித் ஆகியோரைக் கருதும்போது அந்த ஆண்பால் எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இயல்பைத் தனித்தனியே வகுத்துரைப்பதை அறிந்த தமிழாய்வாளர்க்கு இத்தகைய பகுப்பு வியப்பளிக்காது. எனினும் அக்காதையின் இலக்கணத்தை ராக் மேடையின்மீது ஏற்றிப் பார்ப்பது பொருந்தாது. இங்குக் கொள்ளத்தக்கது ஒவ்வொரு திறனையும் அதனதன் அளவுகோலால் அளக்கும் முறைமை மட்டுமே.

இரு கலைகளும் பிரிந்தே இயங்கக்கூடும் என்பதற்குச் சான்றுகள் பல. ராய் ஆர்பிசன் ஏறத்தாழ அசையாமல் நின்றே பாடினார். அவருடைய குரலின் மேன்மையை மறுப்பார் அரியர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகரைப் போற்றுவோர் குரல்வளத்தை முதலில் சொல்வதில்லை. அவர் நடையையும் துள்ளலையுமே சொல்வர்.

குரல் அளவும் குரல் மரபும்

குரலை மதிப்பிடுவோர் பெரிதும் பற்றிக்கொள்ளும் அளவுகோல் ஸ்தாயி எண்ணிக்கையாகும். மெர்க்குரி நான்கு ஸ்தாயி பாடியவர் என்னும் புகழுரை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் முதலானோர் 2016இல் வெளியிட்ட ஒலியியல் ஆய்வு அதனை உறுதிப்படுத்தவில்லை. மெர்க்குரியின் பேச்சுக்குரலின் சராசரி அதிர்வெண் 117 ஹெர்ட்ஸ் அளவில் அமைவதால், இயல்பில் அவர் இடைநிலை ஆண்குரலாகிய பாரிடோன் வகையினர் என அவ்வாய்வு கருதியது. சுரத்தை நீட்டும்போது அவர் குரலில் தோன்றும் நடுக்கம் வினாடிக்கு ஏறத்தாழ ஏழு முறை நிகழ்கிறது. அது செவ்வியல் பாடகரிடம் வழக்கமாகக் காண்பதைவிட விரைவானது, சீரற்றதும்கூட. அவர் மறைந்துவிட்டமையால், அவரைப் போலப் பாடிக்காட்டிய ஒரு ராக் பாடகரின் தொண்டையை அதிவேகக் காமிராவால் பதிவு செய்தனர். கரகரப்பான ஒலியின்போது குரல்நாண்களோடு அவற்றின் மேலுள்ள மடிப்புகளும் சேர்ந்து அதிர்ந்தன. மெர்க்குரியும் அவ்வாறே செய்திருக்கலாம் என்பது உய்த்துணர்வே. நேரடிச் சான்று அன்று.

இம்முடிவுகளில் கருதத்தக்கது ஒன்றுண்டு. மெர்க்குரியின் குரலைத் தனித்துக் காட்டுவன சீரற்ற நடுக்கமும் கரகரப்பும் ஆகும். மேலைச் செவ்வியல் பயிற்சி இவ்விரண்டையும் குறையெனக் கொண்டு திருத்த முயலும். ராக் குரலின் வேர்கள் அச்செவ்வியல் மரபில் இல்லை. ஆப்பிரிக்க அமெரிக்கரின் புளூஸ், காஸ்பெல் மரபுகளில் உள்ளன. ஹவுலின் வுல்ஃபின் உறுமலும் லிட்டில் ரிச்சர்டின் கூவலும் அம்மரபின் அழகியல் கூறுகள். பிக் மாமா தார்ன்டனின் பாடலொன்றை ஜானிஸ் ஜோப்லின் 1967ஆம் ஆண்டு மான்டரே விழாவில் பாடியபோது அவர் குரலில் ஒலித்த பிசிறும் அங்கிருந்து பெற்றதே. ஸ்தாயியை மட்டும் எண்ணும் மதிப்பீடு இம்மரபைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது. அதனோடு அம்மரபை உருவாக்கியோரும் நீங்கிவிடுகின்றனர். ரோலிங் ஸ்டோன் இதழ் 2008இல் வெளியிட்ட சிறந்த பாடகர் பட்டியலில் பாப் டிலன் 7ஆம் இடத்திலும் மெர்க்குரி 18ஆம் இடத்திலும் அமைந்தனர். பட்டியல்கள் பெரிய சான்றாகா. ஆயினும் வாக்களித்தோர் குரல்வீச்சை அளந்து வாக்களிக்கவில்லை என்பதற்கு இதுவே போதும்.

முன்னிற்பதற்குரிய இடம்

முன்னிற்றல் பாடகரின் பிறவிக்குணம் எனப் பேசுவது வழக்கம். அது கருவிகளால் இயன்ற கலை என்பது பெரிதும் பேசப்படுவதில்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே அரங்கில் ஏறத்தாழ 55,600 பேர் முன்னிலையில் பீட்டில்ஸ் பாடினர். அவர்களுடைய குரல்கள் விளையாட்டரங்கின் ஒலிபெருக்கி அமைப்பு வழியாகவே சென்றன. கூட்டத்தின் கூச்சலில் அவர்களாலேயே தங்கள் பாட்டைக் கேட்க இயலவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டோடு அவர்கள் சுற்றுப்பயணத்தையே நிறுத்தினர். பாடகர் தம் குரலைத் தாமே கேட்பதற்காக மேடையின் முன்விளிம்பில் அவரை நோக்கி வைக்கப்படும் மானிட்டர்கள் 1960களின் பிற்பகுதியிலிருந்தே பரவின. பேரரங்கில் நின்று கூட்டத்தின் கடைசி வரிசையோடு உரையாடும் முன்னிற்பவர் இக்கருவிகளுக்குப் பின்னரே தோன்ற முடிந்தது.

வெம்பிளி, 1985

1985 ஜூலை 13 அன்று இலண்டன் வெம்பிளி அரங்கில் ஏறத்தாழ 72,000 பேர் கூடிய லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குயினுக்குக் கிடைத்தது சுமார் இருபது நிமிடம். மெர்க்குரி பியானோவில் அமர்ந்து தொடங்கினார். இரண்டாம் பாடலுக்கு எழுந்து, அடித்தட்டு இல்லாத பாதி மைக் ஸ்டாண்டைக் கையிலேந்தி முன்னே வந்தார். அக்கழி அவர் கையில் கிட்டாராகவும் செங்கோலாகவும் மாறியது. ரோஜர் டெய்லர் இயற்றிய அவ்விரண்டாம் பாடலின் காட்சிப்படத்தில் இடம்பெற்ற இரட்டைக் கைத்தட்டலைக் கூட்டம் முழுவதும் ஒன்றாகத் தட்டியது.

அடுத்து நிகழ்ந்ததே இவ்வாய்விற்கு முதன்மையானது. இசைக்கருவிகள் அடங்கியபின் மெர்க்குரி பொருளற்ற ஓரிரு அசைகளைப் பாடி நிறுத்த, கூட்டம் அதனைத் திருப்பிப் பாடியது. சொற்றொடர்கள் சிறியவை, பயிற்சியில்லாதவரும் பற்றிக்கொள்ளத்தக்கவை. படிப்படியாகவே அவற்றை வளர்த்தார். ஒரு சுரத்தை நீளப் பிடித்தபோதும் மறுமொழிக்கு இடம் விட்டார். பாடகர் என்ற நிலையில் அவர் அங்குக் காட்டியது தம் திறனில் ஒரு சிறு பகுதியே. கூட்டத்தால் எட்ட இயலாத சுரத்தை அவர் பாடியிருந்தால் அவ்வுரையாடல் முறிந்திருக்கும். முன்னிற்பவர் பாடகரைக் கட்டுப்படுத்திய இடம் அது.

இக்கட்டுப்பாடு அவருக்குப் புதியதன்று. 1970களின் நடுப்பகுதியிலிருந்து குரல்நாண் கணுக்களால் துன்புற்ற மெர்க்குரி, பதிவிலுள்ள உச்சச் சுரங்கள் பலவற்றை மேடையில் தாழ்த்தியே பாடினார். பொஹீமியன் ராப்சடியின் கூட்டிசைப் பகுதியில் கேட்கும் உச்சச் சுரமும் அவருடையதன்று, டெய்லருடையது. அச்சுரத்தைச் சுட்டி மெர்க்குரியைப் புகழ்வோர் தவறான சான்றைக் காட்டுகின்றனர். அவர் பெருமைக்கு அது தேவையுமில்லை.

மெர்க்குரிக்குப் பின்

1992 ஏப்ரல் 20 அன்று அதே வெம்பிளியில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் ஜார்ஜ் மைக்கேல் பாடியது இன்றும் போற்றப்படுகிறது. குரல் என்ற அளவில் மெர்க்குரியின் பாடல்களைப் பிறர் நிறைவாகப் பாட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. பின்னர்ப் பால் ராஜர்ஸும் ஆடம் லாம்பர்ட்டும் குயினோடு உலகச் சுற்றுப்பயணங்களில் பாடினர். இருவர் காலத்திலும் குழுவின் பெயர் ‘குயின்’ என்பதோடு ஒரு கூட்டல் குறியும் பாடகர் பெயரும் சேர்ந்தே அச்சிடப்பட்டது. பாட வந்தவர் முன்னிற்பவரின் இடத்திற்கு உரிமை கோரவில்லை என்பதை அக்கூட்டல் குறி நேர்மையாக ஒப்புக்கொள்கிறது.

ஆயினும் இக்கட்டுரையின் பகுப்பிற்குச் சிக்கல் தரும் ஒரு செய்தியையும் கூறவேண்டும். லாம்பர்ட்டுடனான நிகழ்ச்சிகளில், 1986இல் வெம்பிளியில் பதிவான மெர்க்குரியின் உருவம் திரையில் தோன்றி அதே பொருளற்ற அசைகளைப் பாடும். அவர் மறைந்த பின் பிறந்தோரும் நிறைந்த அவை அவற்றைத் திருப்பிப் பாடுகிறது. முன்னிற்றல் என்பது உயிருள்ள அவையோடு உயிருள்ள ஒருவர் அக்கணத்தில் நடத்தும் உறவு என்றால், அந்த அவைக்கு முன் நிற்பவர் யார்?