துருப்பிடித்த காருக்கு ஒட்டுத் தகடு

1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகப் பொதுமக்களின் பார்வைக்கு வந்து, அலெக் இஸிகோனிஸ் என்ற வடிவமைப்பாளருக்கு அழியாப் புகழைத் தேடிக்கொடுத்து, இருபது வருஷங்களுக்கும் மேலாகப் பதினாறு லட்சத்துக்குக் குறையாமல் உற்பத்தியான மாரிஸ் மைனர் என்னும் சிறிய கார், இன்றும் இங்கிலாந்தின் கிராமச் சாலைகளில் ஓடுகிறது. அதற்குக் காரணம் என்ஜினின் உழைப்பு மட்டுமன்று; விடுமுறை நாட்களில் வீட்டுக் கொட்டகையில் மல்லாந்து படுத்து, துரு தின்ற தகட்டை வெட்டியெடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைக்கும் சாதாரணக் குடும்பஸ்தர்களின் சிரத்தையுமாகும். இந்தக் காரின் வம்சம் நமக்கும் அந்நியமானதன்று. நம் அம்பாஸடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து பிறந்தது. இலங்கையிலோ மைனர் கார்கள் இன்றும் ஓடுவதோடு, அவற்றுக்கான தகடுகள் காலி நகரில் தயாராகி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானதும் உண்டு.

மைனருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகடுகளை மடித்து ஒன்றோடொன்று பற்றவைத்த கூடுதான் முழு பாரத்தையும் சுமக்கிறது. கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும், உள்ளே குடைவான பெட்டி போன்ற உத்திரங்களே அந்தக் கூட்டின் முதுகெலும்பு. குளிர்காலத்தில் பனி உறையாதிருக்க இங்கிலாந்தின் சாலைகளில் தூவும் உப்பு, சக்கரம் வாரியடிக்கும் சேற்றோடு சேர்ந்து அப்பெட்டிகளுக்குள் புகுந்து, நீர் வடிவதற்கென்று வைத்த துவாரங்களை அடைத்துவிட, வர்ணம் எட்டாத அந்த இருட்டில் இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடித் துருவாகின்றன. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டியிருப்பதால் தகடு உப்புகிறது, இணைப்புகள் விரிகின்றன. வெளியே வர்ணத்தில் ஒரு சிறு கொப்புளம் தோன்றும் சமயத்தில் உள்ளே பெரும்பகுதி அரிக்கப்பட்டிருக்கும்.

ஆகையால் இவ்வேலையின் பிரதான அம்சம் பற்றவைப்பதில் இல்லை, வெட்டுவதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பழுதான இடத்தைச் சுத்தியலின் முனையாலோ திருப்புளியாலோ குத்திக்கொண்டே போய், தகடு கணீரென்று ஒலித்து எதிர்த்து நிற்கும் இடம் வரையில், மனம் எவ்வளவு தயங்கினாலும் வெட்டியெறிந்துவிட வேண்டும். துருவின்மேல் பற்றவைத்தால் உலோகம் உருகிச் சேராமல் பொத்தல்தான் பெரிதாகும். ஆனால் உத்திரத்தை வெட்டுவதற்கு முன்பு, காரை அதன் பாரம் இயல்பாக இறங்கும் இடங்களில் ஸ்திரமான தாங்கிகள்மீது நிறுத்தி, கதவு திறப்பின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்திக்கொள்வது அவசியம். இல்லாவிடில் கூடு நடுவில் தொய்ந்து, வேலை முடிந்த பிறகு கதவு மூடவே மூடாது.

வெட்டிய வாய்க்கு அட்டையில் அச்செடுத்து, அதே கனமுள்ள, சுமார் 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை மூலைகள் வளைவாக இருக்கும்படி நறுக்கி, இரண்டு விளிம்புகளையும் வெள்ளை உலோகம் தெரியுமட்டும் தேய்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் செய்வோருக்கு ஏற்றது 'மிக்' வெல்டிங் இயந்திரம். துப்பாக்கி போன்ற கைப்பிடியிலிருந்து 0.6 மில்லிமீட்டர் கம்பி தானாக வந்துகொண்டிருக்க, ஆர்கானும் கரியமில வாயுவும் கலந்த கலவை உருகும் உலோகத்தைக் காற்றுப் படாமல் காக்கிறது. புதிதாகக் கற்றவர் செய்யும் பெரும் பிழை, ஒரு கோடியில் தொடங்கி மறு கோடிவரை ஒரே மூச்சில் இழுத்துவிடுவதாகும். எஃகு ஏறத்தாழ 1,500 டிகிரி உஷ்ணத்தில் உருகுவது. அவ்வளவு உஷ்ணம் ஒரே பக்கத்தில் சேர்ந்தால் மெல்லிய தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கத்தில் வைத்து, மறுபடி இடையில் வைத்து, புள்ளிகள் யாவும் ஒன்றோடொன்று கலந்து தொடர்ச்சியான இணைப்பாகும்வரை பொறுமையாக நிரப்ப வேண்டும்.

அபாயங்களையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பாட்டரி இணைப்பை முதலில் கழற்றுக. பெட்ரோல் டாங்கியை வண்டியிலிருந்து அகற்றி வெகு தூரத்தில் வைக்க வேண்டும். காலியான டாங்கியில் நிற்கும் ஆவியே வெடிக்கும் ஆற்றல் மிக்கது. கண்ணுக்கு முகமூடி இல்லாமல் அந்த ஒளியைக் கணநேரம் பார்த்தாலும், சில மணி நேரம் கழித்து மணல் விழுந்தாற்போல் கண் உறுத்தி இரவு முழுவதும் தூக்கத்தைக் கெடுக்கும். துத்தநாகம் பூசிய தகட்டின் புகை ஜுரத்தை உண்டாக்கும். தகட்டின் மறுபக்கத்துத் தார்ப்பூச்சும் தரைவிரிப்பும் சந்தடியின்றிப் புகைந்து பற்றக்கூடுமாதலால், தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு, வேலை முடிந்த பின்னும் அரைமணி நேரமாவது அவ்விடத்தை விட்டு அகலலாகாது.

துருப்பிடித்த பொத்தலில் துணியைத் திணித்து, மேலே பட்டி பார்த்து, வர்ணமடித்து விற்றுவிடும் வழக்கமும் உண்டு. ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தால், அது ஒட்டாத இடத்தில் இந்த வஞ்சகம் வெளிப்பட்டுவிடும். இங்கிலாந்தில் 1960இல் தொடங்கிய வருடாந்தரப் பரிசோதனை இதைக் கண்டிப்புடன் தடுத்து வந்தது: சீட் பெல்ட், ஸ்டீயரிங் முதலியன பொருத்தப்பட்ட இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் பலவீனமான துரு இருந்தால் வண்டி தேறாது, அங்கே வைக்கும் ஒட்டுத் தகட்டைச் சுற்றிலும் இடைவிடாமல் பற்றவைத்திருக்க வேண்டும். ஆனால் 2018 முதல், பெரிதும் மாற்றப்படாத, நாற்பது வயதைக் கடந்த கார்களுக்கு அந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. மாரிஸ் மைனரின் உத்திரத்துக்குள் எட்டிப் பார்க்க இனி எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. தன் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போகிறவனே அதற்குப் பரிசோதகன்.

வேலை முடிந்ததென்று வர்ணம் பூசிவிட்டு எழுந்துவிடாதீர்கள். பற்றவைத்த இடத்தின் உட்புறத்தில் பழைய பாதுகாப்பு எல்லாம் எரிந்து போயிருக்கும். குடைவுக்குள் நீண்ட குழாயால் மெழுகுக் கரைசலைப் பீச்சி, இணைப்புகளுக்கு நீர்புகாப் பசையிட்டு, நீர் வடியும் துவாரங்களை வருஷத்துக்கொரு முறையேனும் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.