பக்கவாதத்துக்குப் பின் வரும் பள்ளி நாட்கள்

பக்கவாதம் முதியவர்களுக்கே வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ எந்த வயதிலும் அது வரலாம். பிறவி இதயக் குறைபாடும் அரிவாள் செல் இரத்தசோகையும் உள்ள குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல்.

ஆசிரியர் பயிற்சிகளில் இதைப் பற்றிப் பேசும்போது, ஆங்கில நடிகை எமிலியா கிளார்க்கை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். 2011-ல், 24 வயதில், அவருடைய மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. அறுவை சிகிச்சை உயிரைக் காத்தது. ஆனால் சில நாட்களில் தம் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் போனது. பேச்சு மெல்லத் திரும்பியது, நடிக்கவும் திரும்பினார். 2013-ல் மீண்டும் ஓர் அறுவை சிகிச்சை. இவற்றை அவர் வெளியே சொன்னது 2019-ல்தான். அப்போதே 'சேம்யூ' என்ற தொண்டு நிறுவனத்தையும் தொடங்கினார். அது நிதி திரட்டுவது மருத்துவமனையை விட்டு வந்த பிறகு தேவைப்படும் மறுவாழ்வுக்காக.

நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். சிகிச்சைக்கு உடனே பணம் சேர்கிறது. அதன் பின் மாதக்கணக்கில் தொடரும் இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, போக்குவரத்துச் செலவு ஆகியவை யார் கண்ணிலும் படுவதில்லை.

வகுப்பறையிலும் அப்படியே. பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கம் மொழியையும் வலக்கையையும் இயக்குகிறது. அங்கே பாதிப்பு என்றால் சொல் வராது, எழுத்தும் வராது. அறிவு மங்கிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த மாணவர் பதில் சொல்லக் காத்திருங்கள். சொல்லை நீங்களே முடித்து வைக்காதீர்கள். சுட்டிக் காட்டியும் பதில் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை போதும். மதியத்துக்குள் சோர்ந்துவிட்டால் அதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். வெளியே தெரியாத இந்தக் களைப்பு நெடுநாள் நீடிக்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயக்கக் குறைபாட்டையும், மூளைப் பாதிப்பால் நிலைத்துவிட்ட பேச்சு, மொழிக் குறைபாட்டையும் ஏற்கிறது. எனவே சான்றிதழ் பெறவும், தேர்வில் சலுகை கோரவும் பெற்றோருக்கு வழிகாட்டுங்கள்.

பள்ளியில் நிதி திரட்ட நேர்ந்தால் நான் வலியுறுத்துபவை சில. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எது கிடைக்கும் என்பதை முதலில் விசாரியுங்கள். பெற்றோரிடம் மட்டுமல்ல, மாணவரிடமும் சம்மதம் கேளுங்கள். படுக்கையில் கிடக்கும் படத்தைக் குழுக்களில் பகிராதீர்கள். நாளை அதே வகுப்பில் உட்காரப் போகிறவர் அவர். யார் எவ்வளவு கொடுத்தார் என்று வகுப்பில் வாசிக்க வேண்டாம். தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் அறிய, வரவு செலவை எழுதி வையுங்கள். சேர்ந்த தொகையில் ஒரு பகுதியை வரும் மாதங்களின் பயிற்சிக்கென்று ஒதுக்கும்படி குடும்பத்தினரிடம் பேசுங்கள்.

இன்னொன்றும் உண்டு. திடீரென முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். தண்ணீரோ உணவோ கொடுக்காதீர்கள், புரையேறக்கூடும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சையை முடிவு செய்ய அந்த நேரம் அவருக்கு மிகவும் தேவைப்படும்.