நிலத்தின் கீழ் ஓர் இல்லம்

வீடு கட்டுவோர் மண்ணைத் தோண்டுவது அத்திவாரத்திற்காக. யாழ்ப்பாணத்தில் கற்பாறை தட்டுப்பட்டதும் மண்வெட்டி ஓய்ந்துவிடும். ரொறன்ரோவிலோ அவ்வாறன்று. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து பருக்கும்போது மேலுள்ள கட்டடத்தையே தூக்கிவிடும். ஆதலின் உறைபனி எட்டாத ஆழத்திற்கு, ஏறத்தாழ 4 அடிக்கு, அத்திவாரம் இறங்கியாக வேண்டும். இவ்வளவு தோண்டியவர் இன்னுஞ் சில அடி தோண்டினால் ஒரு தளமே கிடைக்குமன்றோ? அந்நகரத்து வீடுகளில் நிலவறை அமைந்த காரணம் இதுவே.

அங்குள்ள நம்மவர் அதனைப் ‘பேஸ்மென்ற்’ என்பர். 1983 இன் பின்னர் கனடா சென்ற ஈழத்தமிழருட் பலருக்கு முதற் புகலிடம் அதுதான். தாழ்ந்த கூரை, வெப்பமூட்டும் இயந்திரத்தின் இரைச்சல், மேல்வீட்டாரின் காலடி ஓசை ஆகியவற்றினிடையே அவர்கள் உண்டியற் காசு சேர்த்தார்கள். ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். இன்று அவர்களிற் பலர் சொந்த வீட்டுக்காரர். ஊரிலிருந்து வரும் தாய் தந்தையருக்கு அவ்வீட்டிற் பெரும்பாலும் கிடைப்பதும் அதே நிலவறைதான். அதனைச் செப்பனிடும் கலையைப் பொழுதுபோக்காக நான் கருதாமைக்குக் காரணம் இது.

ஸ்காபரோவிலுள்ள தன் நிலவறையை எங்கள் தாயாருக்காகத் தம்பி திருத்தியபோது நான் உடனிருந்தேன். சுவருக்கு எவ்வண்ணம் பூசுவது என்பதே அவனது முதற் கேள்வி. கட்டடவேலையிற் பழகிய முதியவர் ஒருவர் வந்து பார்த்தார். வண்ணத்தைத் தொடவேண்டாம் என்று கூறி, கொங்கிறீற் சுவரில் ஒரு பொலித்தீன் துண்டை நாற்புறமும் இறுக ஒட்டிவிட்டு இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். துண்டின் உட்புறம் துளி அரும்பினால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. வெளிப்புறம் அரும்பினால் வீட்டுக் காற்றிலிருந்து வருகிறது. இரண்டிற்கும் மருந்து வேறு.

மண்ணீருக்குப் பரிகாரம் வெளியே உள்ளது: கூரைப்பீலியின் நீர் சுவரோரம் விழாது அப்பாற் செல்லவேண்டும், நிலம் வீட்டைவிட்டுச் சரியவேண்டும். காற்றின் ஈரத்திற்கோ, குளிர்ந்த சுவரை அறைக்காற்று தீண்டாமற் செய்வதே வழி. நுரைப்பலகையைக் கொங்கிறீற்றோடு ஒட்டப் பொருத்தி, அதன் முன்னே மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் அமைப்பர். இதைச் செய்யாது அழகிய பலகையால் மூடிவிட்டாற் பின்னே பூஞ்சணம் வளரும். முதியோரின் நெஞ்சுக்கு அது நஞ்சு. வெறுங் கொங்கிறீற்மீது கம்பளம் விரிப்பதும் அத்தகையதே.

இன்னொரு நீர் கழிவுக்குழாய் வழியே வருவது. 2013 யூலை 8 ஆம் நாள் ரொறன்ரோ விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. நகரக் குழாய்கள் தாங்காமையால் நிலவறைகள் பல நீரிலாழ்ந்தன. நீரைத் திரும்பவிடாத தடுப்புவாயில் ஒன்றைக் குழாயிற் பொருத்துதல் சோபா வாங்குவதற்கு முந்திய செலவு.

யன்னலிற்றான் எங்களிடையே வழக்கு மூண்டது. படுக்கையறை உள்ள தளத்திலிருந்து நேரே வெளியேறக் கதவில்லையாயின், திறக்கும் யன்னலின் வெளி 0.35 சதுர மீற்றருக்குக் குறையலாகாது, எப்பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறுகலாகாது என்பது ஒன்ராறியோக் கட்டட விதி. பழைய யன்னலோ ஒரு பூனைக்குப் போதுமானது. நகரசபையின் அனுமதி பெற்றுச் சுவரை அறுக்கவேண்டும்; செலவு பெரிது.

“அண்ணை, எண்பது வயதில் அம்மா யன்னலால் ஏறி ஓடுவாவோ?” என்றான் தம்பி.

“ஏறமாட்டா. தீயணைப்பவன் உள்ளே இறங்கலாமல்லவா?” என்றேன்.

சுவர்த் தொலைக்காட்சிக்கு ஒதுக்கிய பணம் யன்னலுக்குப் போயிற்று. வெளியேயுள்ள யன்னற்குழிக்கு வெள்ளை பூசியதால், தெறித்த வெயில் அறையின் பாதிவரை வந்தது. எந்த விளக்கும் தராத அழகு அது. புகை அறிவிப்பான்கள் மேலுங் கீழும் இணைக்கப்பட்டன. ஒன்று அலறினால் யாவும் அலறும். செத்தல் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் அலறுகிறதென்று அதன் மின்கலத்தைக் கழற்றிவைக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். உறங்கும் உயிர்களோடு சூதாடும் செயல் அது!

அலங்காரம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கூரை தாழ்வாகையால் வெளிர்நிறம். நடுவில் ஒரு பெருவிளக்குக்குப் பதிலாக மூலைகளிற் சிறு விளக்குகள். படிக்கட்டின் இருபுறமும் கைபிடி. சாய்மனைக் கதிரையை யன்னலின் எதிரே போடுவித்தவர் அம்மாதான்.

எஞ்சியிருப்பது றேடன். மண்ணிலிருந்து கசியும் நிறமும் மணமுமற்ற இக்கதிரியக்க வாயு, புகைத்தலுக்கு அடுத்தபடியாகச் சுவாசப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாவது. கனடிய அரசு வகுத்த எல்லை கனமீற்றருக்கு 200 பெக்கரல். அளக்க மூன்று மாதமாவது வேண்டும். மிகுந்தால் தளத்தைத் துளைத்துக் குழாயும் விசிறியும் வைத்து வெளியேற்றலாம். அளக்கும் சிறுகருவி இப்போது அம்மாவின் சுவாமிப் படங்களுக்கருகே இருக்கிறது. பங்குனியில் அதனை ஆய்வுகூடத்திற்கு அனுப்பவேண்டும்.