கதையைப் படித்துப் பார்க்கக் கட்டணமாம்!

செட்டிநாட்டுக்கு "ஏஜெண்டு" என்ற சொல் புதிது அல்ல.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள். "எங்க ஐயா ரங்கூன்ல ஏஜெண்டா இருந்தாக" என்று பெருமையாகச் சொல்லும் ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நகரத்தார் கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். முதலாளி ஊரில் இருப்பார். கடையைப் பார்த்துக்கொள்ள மேலாள் ஒருவரைக் கப்பல் ஏற்றி அனுப்புவார். அவர்தான் ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன்.

பொதுவாக 3 ஆண்டு தவணை. புறப்படும்போதே சம்பளச் சீட்டு எழுதிவிடுவார்கள். ஏஜெண்டு சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாக வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறுவார்.

ஆனால் அவர் கை நிறைவது எப்போது தெரியுமா? தவணை முடிந்து கணக்கை முடிக்கும்போதுதான்! லாபம் வந்திருந்தால், அதில் நூற்றுக்கு 10 என்ற அளவில் அவருக்குப் பங்கு கிடைக்கும். லாபம் இல்லையென்றால் பங்கும் இல்லை.

அந்த ஏஜெண்டு முதல் நாளே வந்து, "செட்டியாரே! உங்கள் கணக்கைப் புரட்டிப் பார்க்க எனக்குத் தனியாகக் கூலி வேண்டும். வியாபாரம் நடக்குமா நடக்காதா என்பதை அப்புறம் சொல்கிறேன்" என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? செட்டியார் பேசாமல் எழுந்து உள்ளே போயிருப்பார்.

கதை எழுதுகிறவர்களிடம் இப்படிக் கேட்கிற ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டுத் தபாலை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களும் ஏராளம்.

புத்தகத்துக்கு ஒரு தரகர்

வீடு விற்கத் தரகர் உண்டு. மாடு விற்கத் தரகர் உண்டு. புத்தகம் விற்கக் கூடவா தரகர்?

ஆம்! மேல் நாடுகளில் உண்டு. எழுத்தாளர் நாவலை எழுதி முடித்துக் கையெழுத்துப் பிரதியை ஏஜெண்டிடம் கொடுப்பார். ஏஜெண்டு அதைப் படிப்பார். பிடித்திருந்தால் எந்தப் பதிப்பகத்துக்கு ஏற்றது என்று பார்த்து, அங்கே கொண்டுபோய் விலை பேசுவார். ஒப்பந்தத்தை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்ப்பார். பதிப்பகம் கொடுக்கும் பணத்தில் தம் கமிஷனை எடுத்துக்கொண்டு, மீதியை எழுத்தாளருக்கு அனுப்புவார்.

இந்தத் தொழிலை லண்டனில் நிலைநாட்டியவர் ஏ. பி. வாட் என்பவர். 1870களின் பிற்பகுதியில் தொடங்கினார். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸை உண்டாக்கிய கானன் டாயில், இந்தியாவில் பிறந்த கிப்ளிங் எல்லோரும் இவரிடம் வந்தவர்கள். வாட் வாங்கிய கமிஷன் எவ்வளவு? நூற்றுக்கு 10. ரங்கூன் ஏஜெண்டின் பங்கும் அந்த அளவுதான்!

இப்போது மேல் நாட்டு ஏஜெண்டுகள் பெரும்பாலும் நூற்றுக்கு 15 வாங்குகிறார்கள். புத்தகம் விற்காவிட்டால் ஒரு காசும் கிடையாது. ஆகவே விற்காது என்று தெரிந்த பிரதியை அவர்கள் தொடமாட்டார்கள். விற்கும் என்று எடுத்துக்கொண்டால் விடமாட்டார்கள்.

5 டாலர் கடிதம்

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஸ்காட் மெரிடித் என்ற ஏஜெண்டு இருந்தார். 1946இல் கம்பெனி தொடங்கினார். சாமானியர் அல்ல. நகைச்சுவை நாவல்களுக்குப் பேர்போன உட்ஹவுஸ் இவரிடம் இருந்தார். வேறு பெரிய எழுத்தாளர்களும் இருந்தார்கள். அவர்களிடம் அவர் வாங்கியது கமிஷன் மட்டுமே.

பேர் தெரியாத புதியவர்களுக்கு மட்டும் வேறு வழி. "கதையோடு கட்டணமும் அனுப்புங்கள். படித்துப் பார்த்து எழுதுகிறோம்" என்று விளம்பரம் செய்தார். சிறுகதைக்கு 5 டாலர். நாவலுக்கு அதைவிட அதிகம்.

பணம் குவிந்தது. பதில் கடிதமும் ஒழுங்காகப் போயிற்று. கீழே ஸ்காட் மெரிடித்தின் கையெழுத்து இருந்தது. ஆனால் கடிதத்தை எழுதியது அவரா? இல்லை! சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த இளைஞர்கள்!

பின்னாளில் துப்பறியும் நாவல்களால் பெயர் பெற்ற லாரன்ஸ் பிளாக், 1950களில் அந்த அறையில் உட்கார்ந்து எழுதியவர்களில் ஒருவர். அவரே பிற்காலத்தில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். 5 டாலரில் கடிதம் எழுதியவருக்குக் கிடைத்தது 1 டாலர். கதை எவ்வளவு மோசமாக இருந்தாலும், "உங்களிடம் திறமை இருக்கிறது, இந்தக் கதைதான் சரியாக அமையவில்லை, அடுத்ததை அனுப்புங்கள்" என்ற பாணியில் முடிக்க வேண்டும். அடுத்த கதை வந்தால் அடுத்த 5 டாலர்!

பாவம், அந்தக் கடிதத்தை மடித்துப் பத்திரப்படுத்தியவர்கள் எத்தனை பேரோ! பெரிய மனிதர் ஒருவர் தம் கதையைப் படித்துப் பாராட்டினார் என்று வீட்டில் காட்டியிருப்பார்கள்.

மெரிடித்தாவது பெரிய எழுத்தாளர்களின் புத்தகங்களை உண்மையில் விற்றார். பின்னால் வந்த சிலர் புத்தகமே விற்கவில்லை.

கென்டக்கி அம்மாள்

அமெரிக்காவில் கென்டக்கி என்று ஒரு மாநிலம். அங்கே டாரதி டீரிங் என்ற பெண்மணி 1989இல் புத்தக ஏஜெண்டு என்று பலகை மாட்டினார். பதிப்பகத்தில் வேலை பார்த்த அனுபவம் கிடையாது. பணத்தைக் கையாடியதற்காக முன்பே தண்டனை அடைந்தவர்!

பிரதியும் படிப்புக் கட்டணமும் வந்தன. எல்லோருக்கும் நல்ல பதிலே போயிற்று. பிறகு பதிப்பகமும் தாமே தொடங்கினார். "உங்கள் நாவல் அச்சாகப் போகிறது. செலவில் உங்கள் பங்கை அனுப்புங்கள்" என்று எழுதினார். நூற்றுக்கணக்கானவர்கள் அனுப்பினார்கள். புத்தகத்துக்காக மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

10 ஆண்டுகள் இப்படி ஓடியது. கடைசியில் அமெரிக்க மத்திய போலீசார் வந்தார்கள். அம்மாள் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். எழுத்தாளர்களின் பணமோ போனது போனதுதான்.

அதே 1990களில் இன்னொரு கைவரிசையும் வெளியே வந்தது. ஏஜெண்டு பிரதியைப் படித்துவிட்டு, "பிரமாதம்! கொஞ்சம் திருத்தினால் போதும். இந்தக் கம்பெனியில் திருத்தித் தருவார்கள்" என்று ஒரு விலாசம் கொடுப்பார். அங்கே பெரிய தொகை கேட்பார்கள். அதில் ஒரு பங்கு ஏஜெண்டுக்கே திரும்பி வரும்! எடிட் இங்க் என்ற அந்தத் திருத்தும் கம்பெனியின் மீது நியூயார்க் மாநில அரசே வழக்குப் போட்டது.

இதற்குள் நல்ல ஏஜெண்டுகளுக்கே கோபம் வந்துவிட்டது. தொழிலின் பெயர் கெடுகிறதே! 1996 முதல் படிப்புக் கட்டணம் வாங்குகிறவருக்கு எங்களிடம் இடம் இல்லை என்று அமெரிக்க ஏஜெண்டுகளின் சங்கம் விதி செய்தது.

காரைக்குடிக் கணக்கு

"இதெல்லாம் அமெரிக்கா சங்கதி. தமிழ் எழுத்தாளருக்கு ஏது ஏஜெண்டு?" என்று கேட்கலாம்.

உண்மைதான். தமிழில் எழுதுகிறவர்கள் பத்திரிகைக்கோ பதிப்பகத்துக்கோ நேராகவே அனுப்பிப் பழகியவர்கள். தரகர் இடையில் வராததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நாவல் 1,000 பிரதி அச்சாகிறது. விலை ரூ. 200. ஆசிரியருக்கு நூற்றுக்கு 10 பங்கு. எல்லாப் பிரதியும் விற்றால் அவருக்கு ரூ. 20,000 வரும். அதில் ஏஜெண்டுக்கு நூற்றுக்கு 15 என்றால் ரூ. 3,000. ஒரு நாவலைப் படித்து, பதிப்பகங்களுக்கு அலைந்து, ஒரு வருஷம் காத்திருந்ததற்கு 3,000 ரூபாய்! யார் இந்தத் தொழிலுக்கு வருவார்கள்?

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நாவல் எழுதிய 100 பேரிடம் படிப்புக் கட்டணம் என்று ஆளுக்கு ரூ. 3,000 வாங்கினால்? கையில் ரூ. 3 லட்சம்! ஒரு புத்தகம் கூட விற்க வேண்டாம். படிக்கக் கூட வேண்டாம். "அருமை" என்று 100 கடிதம் எழுதினால் போதும்.

காரைக்குடியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 ஆண்டுகளாக இரவில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதியிருக்கிறார். மனைவியைத் தவிர யாரும் படித்ததில்லை. ஒரு நாள் போன் வருகிறது. "ஐயா, உங்கள் நாவலைப் பற்றிக் கேள்விப்பட்டோம். மதிப்பீட்டுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்கிறது ஒரு குரல். அனுப்புகிறார். பாராட்டு வருகிறது. பிறகு திருத்தக் கட்டணம். பிறகு அட்டைப்படக் கட்டணம். பிறகு பரிசுப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம். ஒவ்வொரு தடவையும் தொகை சிறியது. முதலில் கொடுத்தது வீணாகக் கூடாதே என்று அடுத்ததையும் கொடுப்பார். மகன் கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கும். வங்கிப் புத்தகத்தை எடுத்துக் கூட்டிப் பார்க்கும் நாளில், வீட்டுக்காரம்மாளின் கண் ஆபரேஷனுக்கு என்று ஒதுக்கி வைத்த பணம் குறைந்திருக்கும்.

அவர் அந்தக் குரலிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "நீங்கள் விற்றுக் கொடுத்த புத்தகங்கள் எவை? கடையில் கிடைக்குமா?" விற்றவர்கள் உடனே பெயர் சொல்வார்கள். மற்றவர்கள் அது ரகசியம் என்பார்கள்.

பணம் கேட்டது தப்பா?

சொந்தப் பணம் போட்டுப் புத்தகம் அச்சிடுவதே தவறு என்று நினைத்துவிடக் கூடாது. அச்சுக்கூலி இவ்வளவு, காகிதம் இவ்வளவு என்று தெரிந்து செலவழிப்பது வேறு. அதில் புத்தகமாவது வீட்டுக்கு வரும்.

பிறரிடம் பணம் கேட்டு அச்சிட்டவர்களும் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது கையில் பணம் இல்லை. புத்தகம் வெளிவந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் கையொப்பம் வாங்கினார். சிலர் முன்பணமும் கொடுத்தார்கள். பணத்துக்குப் பதில் புத்தகம் போயிற்று.

பாரதியாரும் கேட்டார். அவர் 1919இல் செட்டிநாட்டுக்கு வந்தவர். கானாடுகாத்தானில் வை. சு. சண்முகம் செட்டியார் வீட்டில் விருந்தாளியாக இருந்தார். காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கும் போனார். கையில் தடியோடு அவர் இருக்கும் புகழ்பெற்ற படம் அங்கே எடுத்ததுதான்.

அடுத்த ஆண்டு, 1920இல், கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துக்களை 40 புத்தகங்களாகப் போடத் திட்டம். ஒவ்வொன்றும் 10,000 பிரதி. ஆரம்பச் செலவு ரூ. 20,000. அதைக் கடனாகக் கேட்டார். மாதம் நூற்றுக்கு 2 வட்டி தருவதாகவும், ஸ்டாம்பு ஒட்டிப் புரோநோட்டு எழுதித் தருவதாகவும் சொன்னார். செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளையே குறை சொல்ல முடியாத சுற்றறிக்கை!

பணம் சேரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் பாரதியார் காலமானார்.

அவர் பாட்டின் உரிமை பிறகு பல கைகளுக்குப் போயிற்று. இசைத்தட்டு, சினிமா உரிமையை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தவர் காரைக்குடியில் பிறந்த ஏ. வி. மெய்யப்ப செட்டியார். 1949இல் அரசு கேட்டபோது காசு வாங்காமல் கொடுத்துவிட்டார். நூல்களின் உரிமையையும் அரசு பெற்றது. பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று ஆயிற்று.

அப்போது முன்வந்தவர்களில் ஒருவர் வை. கோவிந்தன். செட்டிநாட்டைச் சேர்ந்த இராயவரத்தில் பிறந்தவர். 1939 முதல் "சக்தி" பத்திரிகையும் சக்தி காரியாலயம் என்ற பதிப்பகமும் நடத்தியவர். இளம் வயதில் பர்மாவுக்குப் போய்த் திரும்பியவர் என்பதால், ஏஜெண்டு என்றால் என்ன, லாபம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1957இல் பாரதியார் கவிதைகளை மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். காகிதத்துக்கும் அச்சுக்கும் பணம் போட்டது பதிப்பகம். ஒரு புத்தகத்துக்கு வாசகர் கொடுத்தது ஒன்றரை ரூபாய்.