அம்பாசிடருக்குள் குளிர்காற்று

மங்களூர் என்றதும் அரபிக்கடலோரத்து ஊரை நினைத்துவிடாதீர்கள். இது கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், விருத்தாசலத்துப் பக்கம் இருக்கிற மங்களூர். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற மானாவாரி பூமி. அக்கினி நட்சத்திர நாட்களில் பகல் பதினொரு மணிக்கு மேல் வெளியில் நிற்கும் காரின் கதவுப்பிடியைத் துண்டு சுற்றித்தான் பிடிக்க வேண்டும்.

என் மாமாவிடம் 1972ஆம் வருடத்து அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. பெயிண்ட், குரோமியம், ஸ்டியரிங் ஓரத்து கியர் எல்லாம் வந்தபோது இருந்த மாதிரியே இருக்கின்றன. அத்தைக்கும் அந்த வண்டி பிடிக்கும்தான். ஆனால் சித்திரை வைகாசியில் பகலில் ஏற மாட்டார். "அது காரா, சூளையா?" என்பார். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைப் பார்த்து வளர்ந்தவர் அப்படிச் சொன்னால் அதில் மிகை கிடையாது. அத்தைக்காகத்தான் மாமா ஏசி வைக்கக் கிளம்பினார்.

முதல் முறை ஒரே நாளில் வேலை முடிந்தது. ஒரு பட்டறையில் காலையில் விட்டார், மாலையில் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டி, பானெட்டுக்குள் ஒரு கம்ப்ரசர், ஜிலுஜிலுவென்று காற்று. மறுநாள் மத்தியானம் விருத்தாசலம் ரயில்வே கேட்டில் நின்றோம். ஒரு கூட்ஸ் போயிற்று; கேட் திறக்கவில்லை, அடுத்து இன்னொரு வண்டி. பத்தே நிமிடத்தில் சூடு காட்டும் முள் கடைசிக்குப் போய்விட்டது. முன்னால் புஸ்ஸென்று ஆவி. உள்ளே வந்த காற்றும் வெந்நீர்க் காற்றாக மாறியது. வண்டியை ஓரம் தள்ளிவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் தொடாமல், ஒரு மணி நேரம் புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு நடந்தது ஏன் நடந்தது என்று தெரிந்துகொண்டால், பழைய காருக்கு ஏசி வைப்பது எப்படிப்பட்ட வேலை என்பது புரிந்துவிடும்.

மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? நுண்துளைகள் வழியே கசிகிற நீர் பானையின் வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதே தண்ணீரை மெருகு ஏற்றிய பீங்கான் ஜாடியில் ஊற்றி வையுங்கள், குளிராது. துளைகள் அடைபட்டுவிட்டதால் கசிவும் இல்லை, ஆவியும் இல்லை. கார் ஏசியும் பானை செய்கிற வேலையைத்தான் செய்கிறது. தண்ணீருக்குப் பதிலாக, காற்றின் சாதாரண அழுத்தத்தில் சுழியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்துவிடுகிற ஆர்-134ஏ என்ற திரவம். பானையில் ஆவி காற்றோடு போய்விடும். இங்கே அதைப் பிடித்து, அமுக்கி, மறுபடி திரவமாக்கித் திரும்பக் கொண்டுவர வேண்டும். கம்ப்ரசர், கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு என்று இத்தனை சாமான்களும் அதற்காகத்தான்.

டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கூலிங் காயிலுக்குள் அழுத்தம் சுமார் 2 பார். அந்த அழுத்தத்தில் திரவம் கிட்டத்தட்ட சுழியம் டிகிரியில் கொதிக்கிறது. ப்ளோயர் ஊதுகிற காற்று காயிலைத் தொட்டுச் சூட்டைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து வெளியே வருகிறது. சூட்டை வாங்கிக்கொண்ட ஆவியைக் கம்ப்ரசர் உறிஞ்சி அமுக்குகிறது. வெயில் 40 டிகிரி அடிக்கிற நாளில் அழுத்தம் 16 பார் வரை ஏறும். அங்கே அது திரவமாக மாறுகிற வெப்பநிலை 60 டிகிரி அளவில் இருக்கும். காரின் முகப்பில் நிற்கிற கண்டென்சரில் வெளிக்காற்று பட்டு, அந்த 60 டிகிரிச் சூடு கழிகிறது. ஆக, ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது.

கொட்டுகிற இடம் எது என்பதில்தான் சிக்கல். ஒரு டன் ஏசி என்றால் உள்ளேயிருந்து 3.5 கிலோவாட் சூட்டை எடுக்கும். கம்ப்ரசர் செலவழிக்கிற சக்தியும் சூடாகச் சேர்ந்துகொள்வதால், கண்டென்சர் வெளியே தள்ளுவது ஐந்தரை ஆறு கிலோவாட் வரை வரும். கண்டென்சர் நிற்பதோ ரேடியேட்டருக்கு நேர் முன்னால். அதைத் தாண்டி வருகிற சூடான காற்றைத்தான் ரேடியேட்டர் சுவாசிக்க வேண்டும். ஓடும்போது எதிர்காற்று காப்பாற்றிவிடும். ரயில்வே கேட்டில் என்ஜின் மெதுவாகச் சுற்றும், அதோடு சேர்ந்து சுற்றுகிற விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். ஐம்பது வருடத்துச் சுண்ணாம்பும் துருவும் படிந்த ரேடியேட்டர் அதற்கு மேல் என்ன செய்யும்? அன்றைக்கு எங்கள் வண்டியில் கெட்டுப்போயிருந்தது ஏசி இல்லை. மற்றதைப் பார்க்காமல் அதை மட்டும் வைத்ததுதான் தவறு.

இரண்டாவது முறை மாமா பிடித்த மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மொதல்ல ரேடியேட்டரப் பாப்போம்ணே, ஏசிய அப்புறம் பேசிக்கலாம்" என்றார். எனக்கு அப்போதே அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. என்ஜினுக்குள் தண்ணீர் ஓடுகிற வழிகளைக் கழுவினார். மூன்று வரிசைக் குழாய் இருந்த பித்தளை ரேடியேட்டரின் உள்பகுதியை நான்கு வரிசையாக மாற்றச் சொன்னார். கண்டென்சருக்கு முன்னால் தனியாக ஒரு மின்விசிறி. என்ஜின் எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் இது ஒரே வேகத்தில் ஊதும்.

அடுத்தது என்ஜினின் தெம்பு. மார்க் 2இல் இருப்பது 1489 சிசி பிஎம்சி என்ஜின், சுமார் 50 குதிரைத்திறன். கம்ப்ரசர் அதில் மூன்று நான்கை எடுத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் அது தெரியவே தெரியாது. ஐடிலில் நிற்கும்போது வண்டி உதறி அணைந்துவிடும். ஏசி போட்டதும் கார்புரேட்டரின் த்ராட்டிலைக் கொஞ்சம் தானாகத் திறந்துவைக்கிற சின்னக் கருவி ஒன்று இதற்கென்றே உண்டு. கம்ப்ரசரிலும் பார்த்து எடுக்க வேண்டும். பழைய நிமிர்ந்த பிஸ்டன் வகை கனமானது, அதிர்வும் அதிகம். சாண்டன் 508 மாதிரியான ஐந்து சிலிண்டர் கம்ப்ரசர் கையடக்கமானது, ஒரு சுற்றுக்கு 138 சிசி, பிசிறில்லாமல் சுற்றும். என்ஜின் பிளாக்கில் ஏற்கெனவே இருக்கிற போல்ட் துளைகளைப் பிடித்தே அதற்கு பிராக்கெட் செய்துவிடலாம்.

மின்சாரத்தைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அந்தக் காலத்து டைனமோ கொடுப்பது இருபது ஆம்பியர் அளவுதான், அதுவும் என்ஜின் வேகமாகச் சுற்றும்போது. ப்ளோயரும் கண்டென்சர் விசிறியும் கம்ப்ரசர் கிளட்சும் சேர்ந்தாலே அது தீர்ந்துவிடும். ராத்திரியில் ஹெட்லைட் வேறு. ஆல்டர்னேட்டர் மாற்றாமல் ஏசி வைப்பது, கையில் காசு இல்லாமல் கடைக்குப் போவது மாதிரி. மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய சில வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அதைப் பார்க்காமல் மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலை பாடிக்குள் நடந்ததுதான். மேட்டையும் சீட்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், வெறும் இரும்புத் தகரம். அதற்கு அந்தப் பக்கம் சைலன்சர் குழாய், கியர்பாக்ஸ். என்ஜின் அறைக்கும் கால் வைக்கிற இடத்துக்கும் நடுவில் ஒயர்களும் கேபிள்களும் நுழைகிற ஓட்டைகளில் ரப்பர் வளையமே இல்லை. விரலை வைத்தால் சூடான காற்று பட்டது. விருத்தாசலத்தில் சூளை வேலை பார்க்கிற உறவுக்காரர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "நாங்க சூட்ட உள்ள கட்டுறோம் மாப்ள, நீங்க வெளிய கட்டணும், அவ்வளவுதான்" என்றார். சூளைச் சுவரில் வைக்கிற செராமிக் கம்பளி இங்கேயும் உதவும். ஆனால் அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது, ஃபாயில் உறையிட்டதைத்தான் வாங்க வேண்டும். தரையிலும் கூரையின் உள்பக்கத்திலும் ஃபோம் ஷீட், கதவு பீடிங் எல்லாம் புதிது. ஏசியே போடாத நிலையில் வண்டி ஓட்டிப் பார்த்தோம். முன்பிருந்த கொதிப்பு பாதியாகக் குறைந்திருந்தது.

காருக்கு ஏசி வைத்த முதல் ஆட்களும் இதே பாடங்களைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றார்கள். அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940ஆம் வருட மாடல்களில் ஏசி வைத்துக் கொடுத்தது. கூலிங் காயில் பின்சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து சாமான் வைக்கும் இடத்தைத் தின்றது. கம்ப்ரசருக்கு கிளட்ச் கிடையாது. குளிர்காலத்தில் நிறுத்த வேண்டுமென்றால் பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஹீட்டர், காற்றோட்டம், ஏசி மூன்றையும் முன்பக்கமாகவே ஒன்றாக இணைத்த முதல் அமெரிக்கக் கார் 1954இல் வந்த நாஷ். அந்த மாடலின் பெயரும் அம்பாசிடர்தான். நம் அம்பாசிடர் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்தது. இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை.

முன்பே ஏசி வைத்த பழைய வண்டியை வாங்குகிறவர்கள் கேஸ் எது என்று பார்க்க வேண்டும். 1990களுக்கு முந்தைய அமைப்பு என்றால் ஆர்-12 ஆக இருக்கலாம். ஓசோன் படலத்தை அரிக்கிற வாயு அது. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே உலகம் அதைக் கைவிட்டது. அதில் அப்படியே ஆர்-134ஏ அடித்தால் ஓடாது. பழைய மினரல் ஆயிலை வெளியேற்றிக் கழுவி, அதற்குரிய வேறு எண்ணெய் விட வேண்டும். ஓ-ரிங், டிரையர், ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டும். பழைய ஹோஸ் வழியே இந்த வாயு கசிந்துவிடும். அழுத்தமும் கூடுதல் என்பதால் கண்டென்சரும் பெரிதாக வேண்டும். கேஸ் அடிப்பதற்கு முன்னால் வாக்யூம் பம்ப் போட்டு முக்கால் மணி நேரமாவது இழுக்க வேண்டும். வெற்றிடத்தில் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து வெளியேறிவிடும். உள்ளே தங்குகிற ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தைத் தின்னும். அவசரப்படுகிற பட்டறைகள் முதலில் விடுவது இந்த முக்கால் மணி நேரத்தைத்தான்.

ஹீட்டர்? மங்களூரில் மார்கழி விடியலில் கண்ணாடியில் படிகிற பனியைத் துடைக்க ஏசியே போதும், அது காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். ஊட்டி, ஏற்காடு போகிறவர்களுக்கு வேண்டுமானால் வேலை எளிது. என்ஜினில் 80, 90 டிகிரியில் சுற்றுகிற தண்ணீரை ஒரு குட்டி ரேடியேட்டர் வழியே விட்டு, அதன்மேல் காற்றை ஊதினால் ஹீட்டர். எரிபொருள் செலவு இல்லை. என்ஜின் சூடேறித் தவிக்கும்போது ஹீட்டரைத் திறந்துவிட்டு அதன் சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்வது மலைப்பாதை டிரைவர்களின் பழைய வித்தை. பேரியம் டைட்டனேட் என்ற செராமிக்கால் ஆன மின்ஹீட்டரும் உண்டு. குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் அதன் மின்தடை சட்டென்று எகிறித் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். பீங்கான் ஊர்க்காரனாக எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனால் டைனமோ வண்டியில் அதற்கு மின்சாரம் போதாது.

மாமா ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தகரத்தில் புது ஓட்டை கூடாது. 2021இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, ஐம்பது வருடம் கடந்து, சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். 1972 வண்டி அந்த வயதைத் தொட்டுவிட்டது. பதிந்தால் அன்றாட ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. அத்தையை எங்கே கூட்டிப் போவது என்று மாமா இன்னும் பதியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பிராக்கெட்டும் கழற்றினால் தடம் தெரியாதபடிதான் வைக்கப்பட்டது. கழற்றிய டைனமோ எண்ணெய்த் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது.

போன வைகாசியில் அதே கேட்டில் நின்றோம். வழியில் காற்று வருகிற வாயில் வைத்த தெர்மாமீட்டர் 9 காட்டியது. நிற்க நிற்க 14க்கு ஏறி, அங்கேயே நின்றது. என்ஜின் முள் நடுவில். பக்கத்தில் பைக்கில் இருந்த பையன் கண்ணாடியைத் தட்டி, "சார், அடியில தண்ணி ஒழுகுது" என்றான். காயிலில் பட்டுக் குளிர்ந்த காற்றின் ஈரம் சொட்டுச் சொட்டாக ரோட்டில் விழுந்துகொண்டிருந்தது. "ஒழுகட்டும் தம்பி, ஒழுகணும்" என்றார் மாமா. பின்சீட்டிலிருந்து அத்தை முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, "அந்தக் காத்த கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி விடுங்க" என்றார்.