தேயிலைச் சரிவுல ரெசிப்ரோகேட்டிங் சா: பிளேடுக்கு முன்னாடி ஷூவைப் பாருங்க

தென்மேற்குப் பருவமழை இறங்கிடுச்சுன்னா நீலகிரியில மரம் விழுந்த சேதி வர ஆரம்பிச்சிடும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 820 மில்லிமீட்டர் மழை கொட்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மெயின் ரோட்டுல மரம் விழுந்தா தீயணைப்புத் துறை செயின் சாவோட வந்துடுவாங்க. ஆனா நம்ம கேட்டுக்கு முன்னாடி, தோட்டத்து நடைபாதையில குறுக்கே கிடக்குற சீகை மரத்துக் கிளையை எடுக்க யாரும் வரமாட்டாங்க. அதுக்குத்தான் இப்போ நிறைய பேர் இந்த மெஷினை வாங்குறாங்க.

இதுதான் ரெசிப்ரோகேட்டிங் சா. சில கடையில சேபர் சான்னு கேட்டா எடுத்துத் தருவாங்க. அமெரிக்காவுல மில்வாக்கி கம்பெனி 1951-ல முதல்ல கொண்டு வந்தப்போ, இது வீடு இடிச்சுக் கட்டுறவங்களுக்கும் பிளம்பருக்குமான மெஷின். மரம் அறுக்க வந்தது பின்னாடிதான்.

பிளேடு முன்னும் பின்னும் கிட்டத்தட்ட 28-லிருந்து 32 மில்லிமீட்டர் ஓடும். டிரிகரை முழுசா அழுத்தினா நிமிஷத்துக்கு 2,500, 3,000 தடவை. இந்த வேகத்தை எல்லாரும் பாக்குறாங்க. பிளேடுக்குப் பின்னாடி ஒரு இரும்புத் தகடு இருக்கு பாருங்க, அதை யாரும் பாக்குறதில்லை. இதுக்குப் பேர் ஷூ. இந்த வீடியோவே இதுக்காகத்தான்.

பெரும்பாலான பிளேடு பின்னால இழுக்கும்போதுதான் அறுக்கும். அப்படின்னா ஒவ்வொரு இழுப்புக்கும் அது கிளையை உங்க பக்கம் இழுக்குது. ஷூ கிளையில ஒட்டி நின்னா அந்த இழுப்பு ஷூவுல போய் முட்டி நின்னுடும், பல்லு மட்டும் வேலை செய்யும். தையல் மெஷின்ல ஊசி பக்கத்துல துணியை அமுக்கிப் பிடிக்குற பாதம் இருக்குல்ல, அதே வேலைதான். ஷூ ஒரு அங்குலம் விலகி நின்னா? கிளையும் ஆடும், மெஷினும் ஆடும், உங்க தோளும் சேர்ந்து ஆடும். "மெஷின் ரொம்ப உதறுது"ன்னு கடைக்காரர்கிட்ட திருப்பிக் கொண்டு போறவங்கள்ல பாதிப் பேர் ஷூவை அழுத்தாதவங்கன்னுதான் நான் சொல்வேன்.

இன்னொன்னு, இதுதான் ஆபத்தானது. பிளேடோட நுனி எப்பவும் கிளையைத் தாண்டி அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டே இருக்கணும். பிளேடு முழுசா பின்னால வந்த நிலையிலயும். கிளை 10 சென்டிமீட்டர் தடிமன்னு வைங்க. 15 சென்டிமீட்டர் பிளேடு போதும்னு தோணும். ஆனா ஷூவுக்குள்ள கொஞ்சம் போயிடும், ஓட்டத்துக்கு 3 சென்டிமீட்டர் போயிடும். மிச்சம் பத்தாது. நுனி கிளைக்குள்ளயே வந்து நின்னா, அடுத்த ஓட்டத்துல மரத்தை நேரா குத்தும். பிளேடு வளையும், இல்லைன்னா உடையும், இல்லைன்னா மெஷின் உங்க நெஞ்சைப் பாத்து எகிறும். அதனால இந்தக் கிளைக்கு 23 சென்டிமீட்டர் பிளேடு போடுங்க. அதே மாதிரி அந்தப் பக்கம் கல்லோ, மண் மேடோ, சுவரோ இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. நுனி அதுல முட்டினாலும் இதே கதிதான்.

ஷூவை எப்படி நகர்த்துறது? முதல்ல பேட்டரியைக் கழட்டுங்க, வயர் மாடலா இருந்தா பிளக்கைப் பிடுங்குங்க. கீழ இருக்குற லீவரைத் தள்ளினா ஷூ முன்னாடி நகரும். சில மாடல்ல ஆலன் கீ வேணும். தினமும் ஒரே தடிமன் கிளையை அறுக்குறவங்களுக்கு பிளேடோட ஒரு இடத்துப் பல்லு மட்டும் மழுங்கும். ஷூவை ஒரு படி முன்னாடி தள்ளினா புதுப் பல்லு வேலைக்கு வரும். ஆனா தள்ளின அளவுக்கு நுனி நீளம் குறையும், அதைக் கணக்குல வைங்க.

பிளேடு மாத்தும்போதும் பேட்டரி வெளியதான். பிளேடைப் பிடிக்குற காலரைத் திருகி பிளேடைச் செருகி, ஒரு தடவை இழுத்துப் பாருங்க. வந்துடுச்சுன்னா உக்காரலை. அறுத்து முடிச்ச பிளேடைக் கையால தொடாதீங்க, தோல் வெந்துடும். பச்சைக் கிளைக்கு அங்குலத்துக்கு 5, 6 பல்லு உள்ள பிளேடு. ஆணி இருக்குற பழைய பலகைக்கு 6-லிருந்து 10. தண்ணி பைப்புக்கு 18, அதுவும் மெதுவான வேகத்துல. பிளேடை லேசா மேலும் கீழும் ஆட்டி ஓட்டுற ஆர்பிட்டல் சுவிட்ச் இருந்தா மரத்துக்கு ஆன், இரும்புக்கு ஆஃப். பிளேடு விஷயம் அவ்வளவுதான்.

ஒரு சேதி. பழைய லைன் வீட்டுக் கூரையில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தா இந்த மெஷினை அது பக்கமே கொண்டு போகாதீங்க. அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது.

சரி, விழுந்த கிளைக்கு வருவோம். கீழே கிடக்குற கிளை சும்மா கிடக்குறதா நினைக்காதீங்க. ரெண்டு முனையும் மேட்டுல தாங்கி நடுவுல தொங்குதுன்னா, மேல் பக்கம் நெருங்கி இருக்கும், அடிப்பக்கம் விறைச்சு இருக்கும். மேலேயிருந்தே முழுசா அறுத்தா வெட்டு மூடிக்கிட்டு பிளேடைக் கவ்விடும். அதனால மேல மூணுல ஒரு பங்கு மட்டும் அறுத்துட்டு, மிச்சத்தைக் கீழேயிருந்து அறுங்க. ஒரு முனை மட்டும் தாங்கி இன்னொரு முனை அந்தரத்துல நிக்குதுன்னா அப்படியே தலைகீழ்: முதல்ல அடியில, அப்புறம் மேல. பிளேடு மாட்டிக்கிச்சுன்னா டிரிகரை விட்டுட்டு, பேட்டரியை எடுத்துட்டு, வெட்டுல ஒரு மர ஆப்பை அடிச்சு பிளேடை விடுவிச்சு எடுங்க. ஓட விட்டுக்கிட்டே பிடுங்காதீங்க. பெரிய மரத்துக்கு அடியில வில்லா வளைஞ்சு சிக்கிக்கிட்ட இளஞ்சீகையை மட்டும் தொடவே தொடாதீங்க. அறுத்த நொடியில அது நிமிர்ற வேகத்துக்கு முகத்தை விலக்க நேரம் இருக்காது.

சரிவுல எங்க நிக்கிறது? மேட்டுப் பக்கம்தான். துண்டு உருண்டா உங்களை விட்டு விலகி உருளணும். ஈரப் புல்லுல கால் வழுக்காத இடமா பாத்து, ரெண்டு கையாலயும் பிடிங்க. ஏணி மேல நின்னு ஒத்தைக் கையால அறுக்குறது வேண்டாம். கரன்ட் கம்பி மேல சாய்ஞ்ச கிளை மின்வாரியத்தோட வேலை.

கண்ணாடி, கையுறை, காது அடைப்பான் கட்டாயம். மப்ளரைக் கழட்டிட்டு ஆரம்பிங்க. தொங்குற முனை பிளேடுல சிக்கிக்கும். காது அடைச்சுட்டா ஒரு ஆளைப் பின்னாடி நிறுத்துங்க. குன்னூர் பக்கம் தேயிலைக்குள்ள காட்டெருமை எப்படி சத்தமில்லாம வந்து நிக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேயிலைக்காரங்க கேப்பாங்க, கவாத்துக்கு இது ஆகுமான்னு. சாதாரண கவாத்துக்குக் கத்திதான் சரி, வெட்டு வழவழன்னு விழும். ஆனா வயசான செடியைத் தரையோட ஒட்டி வெட்டிப் புதுப்பிக்குறப்போ, தடிச்ச தண்டுக்குக் கத்தி ஓடாது. அங்க இந்த மெஷின் நல்லா உதவும். மண்ணும் கல்லும் பட்டா செயின் சாவுல செயினையே தீட்டணும், இதுல பிளேடை மாத்தினா போதும். உண்ணிச்செடி வேருக்கும் அப்படித்தான். தேயிலைத் தண்டுல வெட்டின முகம் பிசிறா இருக்கும்; கத்தியால இழைச்சு, காப்பர் ஆக்சிகுளோரைடு பசையைப் பூசிடுங்க.

நிக்கிற மரத்துல கை வைக்குறதுக்கு முன்னாடி: பட்டா நிலமா இருந்தாலும் மரம் வெட்ட அனுமதி வேணும். 1955-லேயே மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. மெஷின் சின்னதா இருக்குன்னு சட்டம் விட்டுடாது.

கடைசியா குளிர். அதிர்வும் குளிரும் சேர்ந்தா விரல்ல ரத்த ஓட்டம் குறைஞ்சு, நுனி வெளுத்து மரத்துப் போகும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில கையைச் சூடு பண்ணிட்டு எடுங்க, நடுநடுவே நிறுத்துங்க. விரல் அடிக்கடி வெளுத்தா டாக்டரைப் பாருங்க. லித்தியம் பேட்டரியும் குளிர்ல சீக்கிரம் இறங்கிடும். ராத்திரி ஷெட்டுல விட்டு வைக்காதீங்க, வீட்டுக்குள்ள எடுத்து வைங்க. உறைஞ்சு போன பேட்டரியை அப்படியே சார்ஜர்ல போட்டா உள்ள கெட்டுடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு போடுங்க.