களம் கண்டோரும் திரை கண்டோரும்

போர்க்களத்தில் நின்றவன் ஒருவன். அவனைப்போல் வேடம் புனைபவன் மற்றொருவன். இரண்டாம் உலகப் போரை அடுத்து அமெரிக்காவில் எடுக்கப்பெற்ற போர்ப்படங்களில் இவ்விருவரும் ஒரே படப்பிடிப்புத் தளத்தில் நின்றனர்; சில வேளைகளில் இருவரும் ஒருவராகவே இருந்தனர். அப்படங்களை இன்று காண்போர் இவ்வேறுபாட்டை அறிந்து காண்பது நன்று.

அமெரிக்கப் படைவீரனின் உருவமாகவே உலகெங்கும் அறியப்பட்டவர் ஜான் வெய்ன். 1949இல் வெளிவந்த 'சாண்ட்ஸ் ஆஃப் இவோ ஜீமா' படத்தில் கண்டிப்பு மிக்க சார்ஜண்ட் ஸ்ட்ரைக்கராக நடித்துப் பெரும்புகழ் எய்தினார். ஆயின் அவர் ஒரு நாளும் படையில் பணியாற்றியவர் அல்லர். குடும்பத்தலைவர் என்னும் காரணத்தால் விலக்குப் பெற்றவர். அதே படத்தில், இவோ ஜீமாவின் மலைமேல் கொடி நாட்டியோர் எனப் போற்றப்பட்ட ரெனே காக்னன், ஐரா ஹேய்ஸ், ஜான் பிராட்லி ஆகிய மூவரும் தாமாகவே தோன்றினர். வரலாற்றின் விளையாட்டைப் பாருங்கள்! புகழ்பெற்ற அப்புகைப்படத்தில் இருப்பவர் பிராட்லி அல்லர் என 2016இலும், காக்னனும் அல்லர் என 2019இலும் மரைன் படையே அறிவித்தது. எஞ்சியவர் ஹேய்ஸ் ஒருவரே.

வெய்னுக்கு நேர் எதிர்நிலையில் நிற்பவர் ஆடி மர்ஃபி. டெக்சாஸ் மாநிலத்தில் குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்து, வயதைக் கூட்டிச் சொல்லிப் படையில் சேர்ந்தவர். 1945 ஜனவரி 26 அன்று பிரான்சில் ஹோல்ட்ஸ்விர் என்னும் ஊரருகே, தம் வீரர்களைக் காட்டுக்குள் பின்வாங்கச் செய்துவிட்டு, தீப்பற்றி எரிந்த கவச வண்டியின்மேல் தனியே ஏறி, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் ஏறத்தாழ ஒரு மணிநேரம் எதிரிகளைத் தடுத்தார். அப்போது அவருக்கு வயது 19. நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. 1955இல் 'டு ஹெல் அண்ட் பேக்' படத்தில் அதே நிகழ்ச்சியை அவரே மீண்டும் நடித்தார். படம் பெருவெற்றி பெற்றது. ஆனால் மெய்க்களத்தில் மூடிக் கிடந்த பனி படத்தில் இல்லை. அந்த மனிதரை வாட்டிய உறக்கமின்மையும் இல்லை. தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்துப் படுத்தவர் அவர். பிற்காலத்தில், வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களின் மனநோவுக்கு மருத்துவம் வேண்டுமென வெளிப்படையாகப் பேசினார். அதனைப் பதக்கத்தினும் பெரிதாகவே நான் கருதுகிறேன்.

ஜெர்மனியின்மீது குண்டுவீச்சு விமானம் செலுத்திய ஜேம்ஸ் ஸ்டுவர்ட் போன்றோர் போரைப் பற்றிய படங்களில் நடிக்கவே தயங்கினர். படங்களுக்கு டாங்கியும் தளமும் தந்து உதவிய இராணுவமோ கதையிலும் கை வைத்தது. 1953இல் வந்த 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி'யின் மூலநாவலில் கொடிய அதிகாரி பதவி உயர்வு பெறுகிறான். படத்தில் பதவி விலகவைக்கப்படுகிறான்.

இவை யாவற்றினும் உயர்ந்த படமாக எனக்குத் தோன்றுவது, துப்பாக்கி ஓசையே இல்லாத ஒன்று. வில்லியம் வைலர் 1946இல் இயக்கிய 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்', வீடு திரும்பிய மூவரின் கதை. அவர்களுள் இரு கைகளையும் இழந்த கடற்படை இளைஞனாக நடித்த ஹெரால்ட் ரஸ்ஸல் நடிகர் அல்லர். 1944 ஜூன் 6 அன்று பயிற்சியின்போது வெடிவிபத்தில் மெய்யாகவே கைகளை இழந்த படைவீரர். இரவில் கொக்கிக் கைகளைக் கழற்றியபின் தான் எத்துணை உதவியற்றவன் என்பதை மணக்கவிருக்கும் பெண்ணிடம் அவன் காட்டும் காட்சி ஒன்றுண்டு. அவள் மருளவில்லை, சட்டைப் பொத்தானை இட்டுவிடுகிறாள். எண்வகை மெய்ப்பாடுகளுள் இதனை அழுகை என்பதா, இளிவரல் என்பதா, பெருமிதம் என்பதா என்று வகுப்பறையில் ஒரு வழக்கே நடத்தலாம்.

ரஸ்ஸலுக்குப் போட்டியில் பரிசு கிட்டாதென்றெண்ணி ஆஸ்கர் குழுவினர் முன்னதாகவே ஒரு சிறப்பு விருது வழங்கினர். சிறந்த துணைநடிகர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஒரே வேடத்திற்கு இரண்டு ஆஸ்கர் பெற்றவர் அவர். 1992இல், மனைவியின் மருத்துவச் செலவுக்கென்று, துணைநடிகர் விருதை 60,500 டாலருக்கு ஏலத்தில் விற்றார். சிறப்பு விருதை விற்கவில்லை.